அக்காவின் ஒரே கலர் படம்

எங்கள் ஊரில் ஒரு ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதை ஃப்ளெக்ஸைப் பார்த்தே சொல்லிவிடலாம். கலரில் இருந்தால் இருக்கிறார். கருப்பு வெள்ளையில் இருந்தால் போய்விட்டார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பிறந்தநாள், பதவி உயர்வு எல்லாம் கலர். கண்ணீர் அஞ்சலி மட்டும் கருப்பு வெள்ளை. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. தென்காசியில் பல வருஷமாக ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சட்டம் இருக்கிற விஷயங்களைக்கூட மக்கள் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

இந்த வழக்கத்துக்கு அடங்காத ஒரே ஆள் அக்காதான். உயிரோடு இருக்கிறவர்களையும் கருப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுப்பார். பெயர் சொல்லவில்லை. ஊருக்கே அவர் போட்டோ அக்கா. பெயரைப் போட்டால் அவருடைய தம்பி வருத்தப்படலாம். தம்பி போலீஸ்.

அந்தத் தம்பிதான் போன வருஷம் குற்றாலச் சீசன் முடிந்த சமயத்தில் ஒருநாள் காலையில் நான் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். திருவேங்கடம் ஸ்டேஷனில் ஏட்டாக இருக்கிறவர். அன்றைக்கு யூனிஃபார்ம் இல்லை, கைலியும் சட்டையும்.

“அண்ணாச்சி, அக்கா போயிட்டா,” என்றார். “வெள்ளன அஞ்சு மணிக்கு நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கோம். ஃப்ளெக்ஸ் ரெண்டு வைக்கணும்.”

முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா என் கடைக்குள் எட்டிப்பார்த்து, ஒரு காதுகுத்து டிசைனில் நான் வைத்திருந்த மயிலைக் குறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு நான் சொல்ல நினைத்த பதில் தொண்டையிலேயே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஷட்டரைத் தூக்கினேன்.

“போட்டோ கொண்டாந்திருக்கீங்களா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆதார் அட்டையின் ஜெராக்ஸ். அட்டையிலேயே அடையாளம் தெரியாத முகம், ஜெராக்ஸில் மை கொட்டிய இடம் மாதிரி இருந்தது.

“வேற இல்ல அண்ணாச்சி. வீடு பூரா தேடிட்டேன். ஊருல உள்ளவன் மூஞ்சியெல்லாம் இருக்கு, அவ மூஞ்சி மட்டும் இல்ல. இது கருப்பு வெள்ளையாத்தான இருக்கு, இதையே பெருசாக்கிப் போட முடியாதா?”

என்னிடம் ஒரு படம் இருந்தது. ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். ஏட்டு திரைப்பக்கம் குனிந்து பார்த்தார்.

“நல்லா இருக்கு. கருப்பு வெள்ளையா மாத்திருங்க.”

மாற்றுவது என் தொழிலில் ஒரே ஒரு சொடுக்கு. எத்தனையோ பேரை அப்படி மாற்றி அனுப்பியிருக்கிறேன். பேத்தியின் பிறந்தநாளில் கேக் ஊட்டிக்கொண்டிருந்த தாத்தாவை, கேக்கை அழித்து, பேத்தியை அழித்து, கருப்பு வெள்ளையாக்கி, பதினோரு மணிக்குள் தெருமுனையில் கட்டியிருக்கிறேன். மவுஸில் கை வைத்தேன். சொடுக்க முடியவில்லை. மாற்ற மாட்டேன் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.

அது எவ்வளவு சின்ன வார்த்தை, அதைக் காப்பாற்ற ஒருவன் ஏன் போலீஸ்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டும் என்பது அக்காவைத் தெரியாதவர்களுக்கு விளங்காது.

அக்கா உடுத்துவதைப் பார்த்தால் அவர் கருப்பு வெள்ளைக்காரர் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். கிளிப்பச்சைச் சுடிதார், ஆரஞ்சு துப்பட்டா, கத்தரிப்பூ நிறத்தில் குடை. சிவப்பு ஸ்கூட்டர். கோபுர வாசலில் அடிக்கிற காற்றில் அந்தத் துப்பட்டா பறக்கும்போது மிட்டாய்க்கடை ஒன்று எழுந்து நடந்து வருவதுபோல இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“இவ்வளவு கலர் பிடிக்குதுல்லா, படத்துல மட்டும் ஏன் ஆகாது?”

“கலரு உடுத்துததுக்குலே. படம் பாக்குததுக்கு,” என்றார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

கேமராவிலேயே கருப்பு வெள்ளைக்கென்று மோனோகுரோம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் வைத்து எடுத்தாலும், கோப்பை ரா என்கிற முறையில் சேமித்தால் கலர் முழுக்க உள்ளே பத்திரமாக இருக்கும். பிறகு மனசு மாறினால் எடுத்துக்கொள்ளலாம். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கலரில் எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாகக் கருப்பு வெள்ளையாக்குவது இன்னும் புத்தி. சிவப்புச் சேலையை மட்டும் வெளுப்பாக்கலாம், வானத்தை மட்டும் இருட்டாக்கலாம், சரியில்லை என்றால் பழையபடி வரலாம். அக்கா கேமரா வாங்கிய அன்றைக்கே ராவை அணைத்துவிட்டார். கலர் வந்த வழியே போய்விடும். திரும்பக் கூப்பிட முடியாது.

எத்தனையோ சாயங்காலம் இதை வைத்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

“கலர்ல எடுத்து வச்சா என்னக்கா? வேணும்னா மாத்திக்கலாம்லா.”

“வேணும்னான்னு ஒரு வாசலைத் திறந்து வச்சுக்கிட்டு எவனும் ஒழுங்காப் பாக்க மாட்டான்லே. நீ சிவப்பை வெளுப்பாக்குத, பச்சையைக் கருப்பாக்குத. மறுநாள் திருப்பிப் போடுத. அன்னைக்கு அங்கன நின்னு நீ என்னத்தைத்தான் பாத்த?”

“கடைசியில ரெண்டு படமும் ஒண்ணுபோலத்தான இருக்கு?”

“கல்யாணம் பண்ணி ரெண்டு பிள்ளையும் பெத்துட்டு, இன்னைலேருந்து நான் சாமியார்னு ஒருத்தன் வந்து நின்னா அவனும் பாக்க சாமியார் மாதிரிதான் இருப்பான்.”

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அவர் சொல்வது இவ்வளவுதான்: “ஒருத்தரைப் பாத்தேன். வேண்டாம்னேன். பிறவு மாத்தல.” ஹோட்டலில் தோசை சொல்லிவிட்டால், பக்கத்து மேசைக்குப் பொரித்த பரோட்டா வந்து மணத்தாலும் திரும்ப மாட்டார். செங்கோட்டைக்குப் போகவேண்டியவர் ஒருமுறை தவறுதலாகப் புளியங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் இறங்கச் சொன்னதற்கு, ஏறியாச்சு என்று சொல்லிப் புளியங்குடிக்கே போய், எலுமிச்சை மார்க்கெட்டில் முப்பது படம் எடுத்துக்கொண்டு வந்தார். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். என் பிழைப்பே அந்த வாக்கியத்தில்தான் ஓடுகிறது.

அப்படியானால் அவருக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கல்யாண வீடுகளில் கலருக்கு ஒரு கூட்டம் தனியாக வரும். அக்கா உபரி. மணமக்கள் பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவர்களாக இருந்தால் அவர்களே அக்காவைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டது தெரிந்ததும் மாமியார்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கல்யாணத்தில் கருப்பு வெள்ளையா, துட்டி வீடு மாதிரி என்பார்கள். துட்டி என்றால் சாவு. அக்கா அதையெல்லாம் காதில் வாங்காமல் முந்தின நாளே கல்யாண வீட்டுக்குப் போய், ஒரு கண்ணை மூடி மறு கண்ணை இடுக்கி, கட்டிலில் பரத்தி வைத்திருக்கிற சேலைகளைப் பார்ப்பார். அப்படி இடுக்கினால் கலர் போய் வெளிச்சம் மட்டும் தெரியுமாம். நானும் இடுக்கிப் பார்த்திருக்கிறேன். தலைவலி வந்தது.

“அரக்குச் சேலைக்குக் கடும்பச்சை ரவிக்கையா? படத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். இது யாரு கட்டுதது?”

“மாப்பிள்ளையோட அத்தை.”

“அவுகளைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க.”

இதனால் ஒரு கல்யாணம் தாலி கட்டும் நேரத்தில் அரைமணி தாமதமானது. அத்தை ஓரமாக நிற்கவில்லை.

குற்றாலத்தில் சீசனுக்குப் பழக்கடை போடுகிற ஒரு வியாபாரி, கடைக்கு ஃப்ளெக்ஸ் வேண்டும் என்று என்னிடம் வந்தார். பழத்தைப் புதிதாகப் படம் எடுத்துப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த அக்காவை நான்தான் அனுப்பிவைத்தேன். அது என் தவறு. அக்கா ரம்புட்டான் பழங்களை இரண்டு மணி நேரம் எடுத்தார். படத்தைப் பார்த்த வியாபாரி என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“தம்பி, படம் தத்ரூபமா இருக்கு. ஆனா இது என்னது? முள்ளெலிக்குஞ்சா?”

என்னால் ஆனதைச் செய்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு பழத்துக்கும் சிவப்பு அடித்தேன். முள்நுனிக்கு மட்டும் லேசாகப் பச்சை. உண்மையான ரம்புட்டானைவிட நன்றாக வந்தது. ஃப்ளெக்ஸ் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஏறியது. அக்கா அதன் அடியில் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதன்பின் சாரல் நின்று வெயில் வரும்வரை என்னோடு பேசவில்லை. என் கடை வாசலைத் தாண்டும்போது மட்டும் கத்தரிப்பூக் குடையை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போவார்.

அடுத்த சீசனுக்கு முன் ஆலங்குளத்தில் ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பெரிய சார் என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். பழைய மாணவர்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அக்கா போய் அவரை ஒரு படம் எடுத்து வந்திருந்தார். வெறும் முகம். நெற்றிச் சுருக்கம், மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம், எதையோ திருத்தப் போகிறவர் மாதிரி ஒரு பார்வை. மாணவர்கள் அதைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். பிறகு, பணி நிறைவுப் பாராட்டு விழா என்று சிவப்பு எழுத்தில் முழ நீளத்துக்கு அடித்துக் கொடுத்தேன்.

ஃப்ளெக்ஸை யாரும் படிப்பதில்லை, பார்ப்பார்கள். இது என் அனுபவம். ஆலங்குளம் பஸ் நிலையம் பக்கத்தில் கட்டிய ஃப்ளெக்ஸைப் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போன ஒரு லாரி டிரைவர் பார்த்தார். புளியங்குடி மண்டியில் பெரிய சாருக்கு மைத்துனர்கள் இருந்தார்கள், அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை எலுமிச்சை மணக்கிற ஒரு வேனில் பதினேழு பேர் வந்து இறங்கினார்கள். ஆளுயர மாலை. பெண்கள் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

கதவைத் திறந்தது பெரிய சார். பனியனோடு, கையில் பேப்பரோடு.

பெண்கள் பாதி அழுகையில் நின்றுவிட்டார்கள். மூத்த மைத்துனர் கையில் மாலை இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பெரிய சார் கழுத்திலேயே போட்டுவிட்டார். பெரிய சார் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, காப்பி போடச் சொல்லியிருக்கிறார். யாரும் குடிக்கவில்லை. துட்டிக்கு வந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. துட்டி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது, ஆனால் வந்தது துட்டிக்கு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்கள். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. திரும்ப வருகிற காரியமா அது? எனவே பதினேழு பேரும் பெரிய சாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனில் ஏறினார்கள். ஊருக்குப் போய்த் தலை முழுகினார்கள்.

பெரிய சார் என்மேல் கோபமாக வருவார் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கடைக்கு வந்தவர் அக்காவைத்தான் தேடினார். அக்கா அப்போதுதான் வந்து நின்றார்.

“எம்மா, என் மச்சினன் பொண்டாட்டி இருக்காளே, முப்பது வருஷமா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசாதவ. தெருமுனையிலேருந்து அழுதுக்கிட்டு வாரா. என் காதால கேட்டேன். இந்தப் படம் எனக்கு ஒண்ணு வேணும். வீட்டுல மாட்டணும்.”

அவர் போனபின் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா? கலர்ல எடுத்திருந்தா எவன் அழுவான்?”

அக்காவை எனக்குப் பிடிக்காமல் போன சமயமும் உண்டு. இலஞ்சிப் பக்கம் ஒரு வீட்டில் மகள் கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் அப்பா இறந்துபோனார். பெண்ணை அனுப்பிவிட்டுப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அவர் தனியாக நின்றதை அக்கா மட்டும் எடுத்திருந்தார். கலர் கூட்டம் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தது. அவருடைய மனைவி அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்து, கலராக்கித் தரச் சொன்னார். “அவுகளை உள்ளபடி பாக்கணும் தம்பி,” என்றார். ராவில் எடுத்திருந்தால் ஒரு சொடுக்கு. அக்கா எடுத்தது என்பதால் அந்த அம்மா அழுதுகொண்டு நிற்க வேண்டியிருந்தது. கொள்கையாம் கொள்கை என்று மனதுக்குள் ஏசினேன்.

நானே அடித்துத் தரலாம் என்று, சட்டை என்ன நிறம் என்று கேட்டேன். மகள் வெள்ளை என்றாள். மகன் நீலம் என்றான். அந்த அம்மாவுக்குச் சந்தனமா வெள்ளையா என்று நினைவில்லை. வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“வெந்தய மஞ்சள்,” என்றார் அக்கா, யோசிக்காமல். “புதுச் சட்டை. காலர்ல மடிப்புப் போகல. பையில பேனா ஒழுகி நீல மை, அஞ்சு பைசா அகலத்துக்கு. அதை மறைக்கத்தான் துண்டை இந்தப் பக்கம் போட்டிருந்தாரு.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆமா. துண்டை நாந்தான் போட்டுவிட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, கலர் வேண்டாம் தம்பி, இப்படியே இருக்கட்டும் என்று படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். நான் ஆயிரக்கணக்கில் கலர் படம் கையாண்டவன். அதில் ஒருவர் சட்டை நிறமும் எனக்கு நினைவில்லை. நினைவு வைத்துக்கொள்ளத்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

அந்த வருஷச் சாரலில்தான் அக்காவின் அந்தப் படம். பழைய குற்றாலத்தில் ஒரு ஹோட்டல் திறப்புக்கு ஃப்ளெக்ஸ் கட்டப் போயிருந்தேன். அக்கா தண்ணீரை எடுக்க வந்தவர், மழை வலுத்ததால் பஜ்ஜிக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றார். கிளிப்பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூக் குடை. கேமராவைத் துப்பட்டாவுக்குள் பொதிந்துவைத்துக்கொண்டு ஒரு மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, உறைப்பு தாங்காமல் சிரித்தார். பின்னால் மழையும் மலையும் ஒரே சாம்பல். என் போனில் எடுத்துவிட்டேன். யோசிக்கவெல்லாம் இல்லை.

“காட்டுலே,” என்றார். வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “கலர்லயா எடுத்த?”

“ஆமா.”

“கலரைப் பாத்துத்தான எடுத்த?”

“ஆமாக்கா. அந்தக் குடையும் பச்சையும் அந்த மழைக்கு நல்லா இருந்துது.”

“அப்பம் சரி. இது நல்ல படம்லே.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “பிறவு மாத்திராத.”

“மாத்தல.”

“நீ மாத்துவ. உன் கை சும்மா இருக்காது.”

“மாத்த மாட்டேன்க்கா. போதுமா?”

அக்கா என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். மறுநாளே என் எழுத்துருவைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவையும் நான் ஏட்டிடம் சொல்லவில்லை. கலரிலேயே போடலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகக் கேஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பஜ்ஜி தின்னுக்கிட்டு சிரிக்கா. பச்சைச் சட்டை. இதைக் கண்ணீர் அஞ்சலின்னு வச்சா ஊரு சிரிக்காதா? எங்க சித்தப்பாமாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“பஜ்ஜியை எடுத்திருதேன். கலரை எடுக்க மாட்டேன். அக்கா சொல்லியிருக்காங்க.”

“செத்தவ வந்து கேக்கவா போறா?”

“கேக்க மாட்டாங்க. அதான் ஏட்டையா கஷ்டமா இருக்கு.”

ஏட்டு பக்கத்தில் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதார் ஜெராக்ஸை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார்.

“இந்தச் சுடிதார் நான் எடுத்துக் குடுத்தது,” என்றார் கடைசியில். “கடையில வேற கலர் இல்ல. உடுத்த மாட்டான்னு நினைச்சேன்.” முகத்தைக் கைலி நுனியால் துடைத்துக்கொண்டார். “சவத்த விடுங்க அண்ணாச்சி. அவ சொன்னா சொன்னதுதான். அப்படியே அடிங்க. பஜ்ஜியும் இருக்கட்டும்.”

பதினோரு மணிக்கு ஃப்ளெக்ஸ் ஏறியது. ஒன்று அவர் தெருமுனையில், ஒன்று பஸ் நிலையம் போகிற வழியில். கண்ணீர் அஞ்சலி என்று என்னிடம் இருக்கிற பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். யாரும் படிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் எனக்கு ஒன்பது போன். அக்கா வார்டு தேர்தலில் நிற்கிறாரா என்று இரண்டு பேர். பஜ்ஜிக்கடை திறக்கிறாரா என்று ஒருவர். அக்காவுக்கு ஐம்பது ஆகிவிட்டதா, பார்த்தால் தெரியவில்லையே என்று ஒரு அம்மா. ஒவ்வொருவருக்கும் நான் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது தடவை அக்கா என் வாயால் செத்தார். சித்தப்பாமார் வந்து ஏட்டிடம் என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டார்கள். ஏட்டு என்னைக் கைகாட்டிவிட்டார்.

மூன்று மணிக்கு நான் அக்கா வீட்டுப் பந்தலில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அக்காவுக்கு வெள்ளை போர்த்தியிருந்தார்கள். அவரை வெள்ளையில் நான் பார்த்ததே இல்லை. தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெரிய சார் இறங்கினார். ஏதோ பென்ஷன் வேலையாகத் தென்காசிக்கு வந்தவர், பஸ் நிலையம் பக்கத்தில் அக்காவின் படத்தைப் பார்த்திருக்கிறார். அக்காவுக்குத்தான் ஏதோ பாராட்டு என்று நினைத்து, ரதவீதியில் ஒரு ஜரிகைச் சால்வை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நல்ல சிவப்பு. பந்தலைப் பார்த்ததும் விழா என்றே முடிவு செய்து சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

பெட்டிக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“கலர்ல இருந்துதே தம்பி,” என்றார். “நான் இருக்காங்கன்னுல்லா நினைச்சேன்.”

அவர் சால்வையைப் பிரித்தார். நாலு பேர் முன்னிலையில் மேடையில் போர்த்துவதுபோல இரண்டு கையாலும் விரித்து, கண்ணாடிப் பெட்டிமேல் போர்த்தி, சுருக்கத்தை நீவிவிட்டார். வெள்ளை மறைந்தது. பிறகு குனிந்து, ஆலங்குளத்துக்கு அடுத்த பஸ் பிடிக்கப் போகிற மனிதர் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

“போயிட்டு வாரேம்மா.”

பந்தலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா ஒருவர் வாயெடுத்தார். ஏட்டு அவர் தோளில் கை வைத்தார். பெரிய சாரை யாரும் திருத்தவில்லை.